மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் புற்றுநோயும்: எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கிற கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று கிடக்கிற இந்த எல்லைப் பகுதியில் யாருக்காவது புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் சென்னை, மதுரை எல்லாம் நினைவுக்கு வராது. களியக்காவிளையில் கேரளா பஸ்ஸைப் பிடித்து, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பக்கம் இறங்கி, ஆர்.சி.சி.க்குப் போவோம். 1981-இல் தொடங்கிய அந்த மண்டலப் புற்றுநோய் மையம்தான் இரண்டு மாநிலத்து ஆட்களுக்கும் இங்கே கதி. நான் இந்தப் பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறவள். சமீபமாக வாட்ஸப்பில் "ஒரு டியூப் ரத்தம், எல்லாப் புற்றுநோயும் முன்கூட்டியே தெரியும், மைக்ரோ ஆர்.என்.ஏ. டெக்னாலஜி" என்று ஒரு செய்தி சுற்றுகிறது, அதைக் காட்டி விலை கேட்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கவுண்டரில் நின்று இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

நம் செல்லுக்குள் டி.என்.ஏ.வில் இருக்கிற தகவல் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அதைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மைக்ரோ ஆர்.என்.ஏ. புரதம் எதையும் தயாரிப்பதில்லை. ஆர்.என்.ஏ. இழையில் கோத்திருக்கிற வேதிக் கண்ணி ஒவ்வொன்றையும் ஓர் எழுத்து என்று வைத்தால், மொத்தமே 22 எழுத்து நீளம்தான் இருக்கும், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம். பேச்சிப்பாறைத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது வயலுக்குப் போகிற மடையைக் கொஞ்சம் அடைத்துவிட்டால் ஓட்டம் குறையும் இல்லையா, அப்படி ஒரு மரபணுவிலிருந்து எவ்வளவு புரதம் வரலாம் என்பதைக் குறைத்து வைப்பதுதான் இதன் வேலை.

முதலில் செல்லின் கருவுக்குள் நீளமான, கொண்டை ஊசி போல மடங்கிய ஓர் இழையாக உருவாகும். ட்ரோஷா என்கிற நொதி அதை ஒரு தடவை வெட்டும், வெளியே வந்ததும் டைசர் என்கிற நொதி இன்னொரு தடவை வெட்டும். மிஞ்சுகிற அந்தச் சின்னத் துண்டு ஆர்கோநாட் என்கிற புரதத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பொருந்துகிற தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து அடக்கும். பொருந்துவது முக்கியமாக 2-ஆவது எழுத்திலிருந்து 8-ஆவது எழுத்து வரைதான். அவ்வளவு சின்ன இடம் பொருந்தினாலே போதும் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடியும். மனிதனில் இப்படி 2,600-க்கு மேல் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் கறாராகச் சோதித்துப் பார்த்தால் உறுதியாக நிற்பவை சில நூறுதான்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும். 1993-இல், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவில் லின்-4 என்கிற முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. தெரியவந்தது. புழுவில் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2000-இல் லெட்-7 என்கிற இன்னொன்று மனிதன் உட்படப் பல உயிர்களில் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2024-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. வாட்ஸப் செய்தியில் "நோபல் பரிசு பெற்ற டெஸ்ட்" என்று போட்டிருக்கிறார்களே, அது தவறு. பரிசு அந்த அடிப்படைக் கண்டுபிடிப்புக்கு. எந்த ரத்தப் பரிசோதனைக்கும் இல்லை.

புழுவில் பார்த்ததற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

2002-இல் கார்லோ குரோச்சேயின் குழு ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நோயாளிகள் பலருக்கு 13-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும்; அங்கே எந்த மரபணு போனதால் நோய் வருகிறது என்று வருடக்கணக்காகத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் அந்த இடத்தில் இருந்தவை மிர்-15, மிர்-16 என்கிற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். செல்லைச் சாகவிடாமல் காக்கிற ஒரு புரதத்தை அவை அடக்கி வைத்திருந்தன. அவை போனதும் அடக்க ஆள் இல்லை, சாக வேண்டிய செல்கள் சாகாமல் பெருகின.

மிர்-21 இதற்கு நேர் எதிர். பல புற்றுநோய்களில் அது அளவுக்கு மேல் கூடி, கட்டியைத் தடுக்கிற மரபணுக்களையே அடக்கிவிடும். 2005-இல் இருநூற்றுச் சொச்சம் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை மட்டும் அளந்து, கட்டி எந்த உறுப்பிலிருந்து கிளம்பியது என்று பிரித்துக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களை அளந்ததைவிட இது நன்றாகப் பிரித்தது. அதனால் விஷயம் உண்மையானது, கட்டுக்கதை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் எழுதுவதைப் படித்துவிட்டு இது எல்லாமே ஏமாற்று வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

செல்லுக்குள் இருக்க வேண்டியது ரத்தத்தில் எப்படி வருகிறது?

ரத்தத்தில் ஆர்.என்.ஏ.வை வெட்டித் தள்ளுகிற நொதிகள் நிறைய. சாதாரண ஆர்.என்.ஏ. அங்கே நொடிக்கணக்கில்கூடத் தாங்காது. ஆனால் 2008-இல் வரிசையாக வந்த ஆய்வுகள் மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டும் பிளாஸ்மாவிலும் சீரத்திலும், அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத் திரவத்தில், சிதையாமல் கிடக்கிறது என்று காட்டின. புரோஸ்டேட் புற்றுநோய் முற்றியவர்களின் ரத்தத்தில் மிர்-141 கூடுதலாக இருந்ததும் அப்போது தெரிந்ததுதான். எப்படித் தாங்குகிறது என்றால், கொஞ்சம் செல்கள் வெளியே விடுகிற நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் ஒளிந்திருக்கிறது, பெரும்பகுதி அந்த ஆர்கோநாட் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வெளியே வந்து சுற்றுகிறது. எச்சிலிலும் சிறுநீரிலும்கூட உண்டு. கத்தி வைக்காமல், ஊசி போட்டுச் சதை எடுக்காமல், ஒரு டியூப் ரத்தத்தில் கட்டியின் சுவடு கிடைக்கலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

சரி, அப்படியானால் ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடுமே?

இன்றைக்குத் தெரியாது. நோய் அறிகுறி எதுவும் இல்லாத ஆட்களுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்துப் புற்றுநோய் தேடலாம் என்று நம் நாட்டுத் தேசியத் திட்டம் எதுவும் சொல்லவில்லை.

காரணம் ரத்தத்தில் இருக்கிற மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் பெரும்பங்கு கட்டியிலிருந்து வருவதில்லை, ரத்தச் செல்களிலிருந்தே வருகிறது. 2012-இல் ஒரு குழு அதுவரை "திடக் கட்டிகளுக்கான அடையாளம்" என்று ஆய்வுகளில் வந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தது. பாதிக்கு மேல் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணுக்களிலேயே நிறைந்து கிடப்பவை. காய்ச்சல் வந்து வெள்ளையணு கூடினாலும் அந்த அளவு மாறும். மிர்-21 இருக்கிறதே, அது புற்றுநோயில் கூடும், இதய நோயிலும் கூடும், உடம்பில் எங்காவது நாள்பட்ட அழற்சி இருந்தாலும் கூடும். அது கூடுதலாக இருக்கிறது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அதை வைத்து டாக்டர் என்ன செய்வார்?

லேபில் என்ன தவறு நடக்க முடியும்? மெஷின்தானே அளக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் மெஷினுக்கு முன்னால் நடக்கிறதை யாரும் கேட்பதில்லை.

ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் கீழே சிவப்பாக அணுக்கள், நடுவில் வெளுப்பாக ஒரு மெல்லிய படலம், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. அது சரியான டியூப். நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்தினாலோ, மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, டியூபைப் போட்டுக் குலுக்கினாலோ, முகாமில் எடுத்து மத்தியான வெயிலில் ஜீப்பில் வைத்துச் சாயங்காலம் கொண்டு வந்தாலோ சிவப்பணு உடையும், மேலே இருக்கிற பிளாஸ்மா இளஞ்சிவப்பாகத் தெரியும். சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16, மிர்-92 எல்லாம் அள்ள அள்ள இருக்கின்றன. கொஞ்சம் உடைந்தாலே அவை பிளாஸ்மாவில் பல மடங்கு கூடிவிடும். சில சமயம் கண்ணுக்கு நிறமே தெரியாது, ஆனாலும் உடைந்திருக்கும்; அதனால்தான் நல்ல லேபில் 414 நானோமீட்டர் ஒளியில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் மிர்-451-ஐ மிர்-23-ஓடு ஒப்பிட்டு விகிதம் பார்ப்பார்கள்.

இதில் வேதனையான விஷயம், குடல் புற்றுநோய்க்கு அடையாளம் என்று பேசப்பட்டவற்றில் இந்த மிர்-92-உம் ஒன்று. மிர்-16-ஐயோ பல ஆய்வுகள் மாறாத அளவுகோலாக வைத்து மற்றதை எல்லாம் அதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தன. அளவுகோலே ஊசி குத்துகிற கையைப் பொறுத்து நீண்டு சுருங்கினால் அதை வைத்து எடுத்த முடிவுகள் என்னவாகும்?

அப்புறம் தட்டணு. ஒரு தடவை மட்டும் சுற்றினால் பிளாஸ்மாவில் தட்டணு மிஞ்சும், அதை உறைய வைத்து உருக்கினால் உடைந்து அதிலிருக்கிறதும் வெளியே வரும். அதனால் இரண்டு தடவை சுற்ற வேண்டும். பச்சை மூடி டியூபில் இருக்கிற ஹெப்பரின் என்கிற உறையாமல் வைக்கிற மருந்து, ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்துச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கிற பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும், அது கூடவே கூடாது. பி.சி.ஆரில் ஒரு சுழற்சி வித்தியாசம் என்றால் அளவில் இரண்டு மடங்கு, அப்படிப் பார்த்தால் மூன்று சுழற்சி தள்ளிப்போனாலே எட்டு மடங்கு. ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போது எவ்வளவு வீணானது என்று தெரிய, மனிதனில் இல்லாத ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளந்து சேர்ப்பார்கள். பெரும்பாலும் சேர்ப்பது அந்தப் புழுவினுடைய மிர்-39-ஐத்தான்.

உங்களிடம் ஒரு டெஸ்டை விற்க வருகிறவரிடம் இதையே கேளுங்கள்: ரத்தம் எடுத்து எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறீர்கள், சிவப்பணு உடைந்த டியூபை எப்படிக் கண்டுபிடித்துத் தள்ளுகிறீர்கள்? பதில் வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

"90 சதவீதத்துக்கு மேல் துல்லியம்" என்று போட்டிருக்கிறார்களே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. 10,000 பேர் நன்றாக நடமாடுகிறார்கள், அதில் 50 பேருக்கு உள்ளுக்குள் புற்றுநோய் இருக்கிறது என்று வையுங்கள். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிற, நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிற டெஸ்ட். அப்படியானால் 50 பேரில் 45 பேர் பிடிபடுவார்கள். மீதி 9,950 பேரில் 5 சதவீதம், சுமார் 500 பேருக்கு ஒன்றும் இல்லாமலே "பாசிட்டிவ்" வரும். ஆகப் பயந்துபோய் நிற்கிற 545 பேரில் உண்மையில் நோய் இருப்பது 45 பேருக்கு. மற்ற 500 குடும்பமும் ஸ்கேனுக்கும் பயாப்ஸிக்கும் அலைந்து, ரப்பர் விற்ற காசையும் சீட்டுப் பணத்தையும் அதில் போட்டு, ராத்திரி தூங்காமல் கிடக்கும். டெஸ்டில் பிடிபடாமல் விட்டுப்போன அந்த 5 பேர் "நார்மல்" என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரத்தக்கசிவு வந்தாலும் டாக்டரிடம் போகத் தாமதிப்பார்கள். அது இன்னும் கொடுமை.

இன்னொன்றும் உண்டு. பல ஆய்வுகளில் நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியில் ஒரு விதமாக எடுத்து வருடக்கணக்கில் உறைபெட்டியில் இருந்தது, நோயில்லாதவர்களின் ரத்தம் வேறு இடத்தில் வேறு விதமாக எடுத்தது. கம்ப்யூட்டர் இரண்டையும் பிரமாதமாகப் பிரித்துக் காட்டும். அது பிரித்தது புற்றுநோயையா, உறைபெட்டியையா என்று சொல்ல முடியாது.

எந்தப் புற்றுநோயிலாவது இது நிஜமாக வேலை செய்கிறதா?

செய்கிறது. ஆண்களின் விரைப் புற்றுநோய். வெளியே சொல்லக் கூச்சப்படுகிற நோய், அதுவும் பெரும்பாலும் இளவட்டங்களுக்கு வருவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். விரையில் வலி இல்லாத கட்டி ஒன்று தட்டுப்பட்டால் வழக்கமாக ஏ.எஃப்.பி., ஹெச்.சி.ஜி., எல்.டி.ஹெச். என்று மூன்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். நோய் இருந்தும் பலருக்கு இந்த மூன்றும் நார்மலாகவே வரும். மிர்-371 என்கிற மைக்ரோ ஆர்.என்.ஏ. இயல்பாகக் கருவின் ஆரம்பநிலைச் செல்களில் வேலை செய்வது, வளர்ந்த ஆணின் ரத்தத்தில் அதற்கு வேலையே இல்லை. அது தென்பட்டால் காரணம் அநேகமாகக் கட்டிதான். 2019-இல் வெளியான ஒரு ஆய்வில் 616 நோயாளிகளையும் 258 மற்றவர்களையும் பார்த்ததில், நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடித்தது, இல்லாதவர்களில் 94 சதவீதத்தைச் சரியாக விட்டது. விரையை எடுத்த பிறகு அளவு சட்டென்று இறங்கும், நோய் திரும்பினால் மறுபடி ஏறும். டெரட்டோமா என்கிற ஒரு வகையை மட்டும் இது பிடிக்காது.

மேலே போட்ட கணக்கு இங்கே ஏன் பயமுறுத்துவதில்லை என்றால், இது கட்டியோடு வந்தவரிடம் செய்கிற டெஸ்ட். ஊர் முழுக்க ஆட்களை நிறுத்திச் செய்கிறது இல்லை. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இது இன்னும் வழக்கமான சோதனையாக வரவில்லை. தம்பிமார் யாராவது இதைப் படித்தால்: கட்டி இருந்தால் வெட்கப்படாமல் போய்க் காட்டுங்கள், ஆரம்பத்தில் வந்தால் அநேகமாக முழுசாகக் குணமாகிற நோய் இது.

அக்கா, எங்க அம்மாவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஊசி போட்டுப் பார்த்ததில் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். இதில் மைக்ரோ ஆர்.என்.ஏ. உதவுமா?

இந்தியாவில் தைராய்டு புற்றுநோய் அதிகம் பதிவாகிற இடங்களில் திருவனந்தபுரம் ஒன்று. கழுத்து ஸ்கேன் நிறைய எடுப்பதும் அதற்கு ஒரு காரணம். எடுத்தால் சின்னச் சின்னக் கட்டி எல்லாம் கண்ணில் படும். ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் செல்லை உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, சில கட்டிகளில் நல்லதா கெட்டதா என்று கண்ணால் தீர்மானிக்க முடிவதில்லை. அந்த மாதிரிக் கட்டிகளுக்கு, உறிஞ்சிய செல்லிலேயே மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்க்கிற சோதனைகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. மிர்-146, மிர்-221, மிர்-222 கூடியிருந்தால் தைராய்டு புற்றுநோயில் பாப்பில்லரி வகை என்று சந்தேகம் வலுக்கும், மிர்-375 கூடியிருந்தால் மெடுல்லரி வகை. கட்டியின் செல்லையே பார்ப்பதால் ரத்தச் செல் குழப்பம் இதில் குறைவு, எனக்கு இதில் நம்பிக்கை உண்டு.

ஆனால் அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது டாக்டர் சொல்கிற இடைவெளியில் மறுபடி ஊசி போட்டுப் பார்ப்பதுதான், தேவைப்பட்டால் பாதி தைராய்டை எடுத்துப் பரிசோதிப்பார்கள். பாப்பில்லரி பெரும்பாலும் மெதுவாக வளர்வது. பயந்து ராத்திரியோடு ராத்திரியாக முடிவெடுக்க வேண்டாம்.

வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு எச்சிலில் பார்க்கலாமா?

ஆராய்ச்சி நடக்கிறது. வாய்ப் புற்றுநோயில் எச்சிலில் மிர்-31 கூடுவதும், மிர்-125, மிர்-200 குறைவதும் பார்த்திருக்கிறார்கள். கையில் எடுத்துப் போட்டுப் பயன்படுத்துகிற நிலைக்கு வரவில்லை.

ஆனால் இதற்கு எச்சில் டெஸ்ட் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையே இல்லை, அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே 13 பஞ்சாயத்துகளில், 1996-இலிருந்து, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், 35 வயதுக்கு மேற்பட்டவர்களை வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். பாதிப் பஞ்சாயத்தில் பார்த்தார்கள், மீதியில் வழக்கம்போல விட்டார்கள். 2005-இல் முடிவு வெளியானது: புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஒரு டார்ச்சும் பயிற்சி பெற்ற கண்ணும் உயிரைக் காப்பாற்றும் என்று உலகத்துக்கே காட்டிய ஆய்வு நம் பக்கத்தில் நடந்தது! கன்னத்துக்குள் வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வாய் முன்னைப் போல விரியவில்லை, காரம் பட்டால் எரிகிறது, இதில் எது இருந்தாலும் பல் டாக்டரிடமாவது போய்க் காட்டுங்கள். 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் பார்க்கிற அரசுத் திட்டம் தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் உண்டு.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் தோரியம் மண்ணால் கதிர்வீச்சு என்கிறார்கள். அதன் பாதிப்பை மைக்ரோ ஆர்.என்.ஏ. காட்டுமா?

அதற்கென்று நம்பகமான டெஸ்ட் கிடையாது. கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி தோரியம் மணல் உண்டு. அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு கூடின இடத்தில் புற்றுநோயும் கூடியது என்று தெரியவில்லை. அது நம் ஊரில் நடந்த ஆய்வு இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் இருந்தால் எனக்கு வருமா என்று இது சொல்லுமா?

சொல்லாது. பரம்பரையாக வருவதைப் பார்க்க பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுப் பரிசோதனைகள் தனியாக உண்டு. அதுவும் ஏற்கெனவே நோய் வந்த உறவினருக்கு முதலில் செய்வதுதான் முறை.

நான் ஏற்கெனவே காசு கட்டி எடுத்துவிட்டேன். "ரிஸ்க் அதிகம்" என்று வந்திருக்கிறது. என்ன செய்ய?

முதலில், அந்தத் தாளை வைத்து உங்களுக்குப் புற்றுநோய் என்று யாரும் சொல்ல முடியாது. அதே கம்பெனியில் மறுபடி காசு கட்டி எடுக்காதீர்கள், நீங்களாகப் போய் உடம்பு முழுக்கப் புற்றுநோய் தேடுகிற பெட் (PET) ஸ்கேனும் எடுக்காதீர்கள். உடம்பில் என்ன மாற்றம் என்று யோசித்து எழுதி வையுங்கள்: எடை குறைகிறதா, கட்டி ஏதும் உண்டா, மலத்தில் இரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு, ஆறாத புண், மூன்று வாரம் தாண்டிய இருமல், குரல் கம்மியது. அதையும் தாளையும் எடுத்துக்கொண்டு உங்களை நேரில் கை வைத்துப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள். வயதுக்குரிய பரிசோதனைகளை அவர் சொல்லுவார்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பயன் உண்டா?

இனி வரப்போகிற பயன் இதில்தான் அதிகம் என்பது என் எண்ணம். நோயாளியின் சொந்த அளவையே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், ஆளுக்கு ஆள் மாறுகிற குழப்பம் குறையும். இப்போதைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சி.டி. ஸ்கேனையோ வழக்கமான ரத்தப் பரிசோதனையையோ இதற்காக விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு ஒரு டியூப் ரத்தம் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள். நம் ஆட்களின் ரத்தத்தில் பார்க்காமல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பார்த்ததை மட்டும் வைத்து இங்கே டெஸ்ட் வந்தால் அது நமக்குச் சரியாக இருக்கும் என்று உறுதி இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிற சம்மதப் படிவத்தைப் படித்துப் போடுங்கள். திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் மலையாளத்தில் நீட்டுவார்கள். பேச்சு புரிந்தாலும் எழுத்து தெரியாதவர்கள் நம்மில் பாதிப் பேர், தமிழ்ப் படிவம் கேளுங்கள், இல்லையென்றால் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தின் ரிசல்ட் அநேகமாக உங்கள் கைக்கு வராது. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது.